தேய்ந்தது எது? – ஒரு சாம்பல் நிற டிராக்டர் சொல்லும் வரலாறு

பழைய டிராக்டரைப் புதுப்பிப்பது என்றாலே பலருக்கும் பெயிண்ட்தான் ஞாபகத்துக்கு வரும். துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, பளபளவென்று நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் பெயிண்ட் என்பது கடைசி நாள் வேலை. அதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். எது தேய்ந்திருக்கிறது? எவ்வளவு தேய்ந்திருக்கிறது? ஏன் அங்கே தேய்ந்தது?

முதல் இரண்டு கேள்விகளுக்கு மைக்ரோமீட்டர் பதில் சொல்லிவிடும். மூன்றாவது கேள்விக்கு வரலாறுதான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் உதாரணம் ஃபெர்குசன் டி.இ.20. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான இந்த டிராக்டரை, அதன் நிறத்தை வைத்து 'குட்டிச் சாம்பல் ஃபெர்கி' என்று அந்த ஊர் விவசாயிகள் செல்லமாக அழைக்கிறார்கள். இன்றும் இதைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் ஏராளம். அது ஏன் சாத்தியமாகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கைகுலுக்கலில் தொடங்கிய கதை

ஹாரி ஃபெர்குசன் 1884-ல் அயர்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909-ல் தானே கட்டிய விமானத்தில் பறந்தவர். முதல் உலகப்போர் காலத்தில் டிராக்டர்களின் வேலையை மேம்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போதெல்லாம் கலப்பையை வண்டிபோலப் பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை ஒரு பாறையில் சிக்கிக்கொண்டால் சில நேரம் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, அப்படியே பின்னால் கவிழ்ந்துவிடும். ஓட்டியவர் அடியில்!

இதற்கு ஃபெர்குசன் கண்ட தீர்வுதான் மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. இவற்றோடு ஹைட்ராலிக் தூக்கியும் சேர்ந்துகொள்ள, கலப்பை டிராக்டரின் உடம்போடு ஒன்றாகிவிட்டது. உழும்போது ஏற்படும் எதிர்ப்பு மேல் கை வழியாக முன்பக்கமாகத் தள்ளுவதால் டிராக்டர் கவிழ்வதில்லை. எடை குறைந்த டிராக்டரே கனமான வேலையைச் செய்ய முடிந்தது.

1938-ல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் எழுத்து ஒப்பந்தம் எதுவுமின்றி, வெறும் கைகுலுக்கலில் கூட்டுச் சேர்ந்தார்கள். 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்தது. போருக்குப் பிறகு ஃபோர்டின் பேரன் அந்த உறவை முறித்துக்கொண்டார். வழக்கு 1952-ல் 92.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையே பிரிட்டனில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, போர்க்காலத்தில் விமான எஞ்சின் தயாரித்த பேனர் லேன் தொழிற்சாலையில் டி.இ.20-ஐத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது.

சரி, இனி டிராக்டரைப் பிரிப்போம்.

லைனர்: மாற்றுவதற்காகவே செய்த சுவர்

எஞ்சினில் அதிகம் தேய்கிற இடங்களில் ஒன்று சிலிண்டர் சுவர். அதிலும் சுவரின் மேல்பகுதிதான் அதிகம் தேயும். பிஸ்டனின் முதல் ரிங் மேலே போய் நின்று திரும்புகிற இடம் அது. சூடும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். எண்ணெய்ப் படலமோ அங்கேதான் குறைவு. பழைய சிலிண்டருக்குள் விரலை விட்டு மேல்நோக்கித் தடவினால், ரிங் எட்டாத விளிம்பு ஒரு படிபோலத் தட்டுப்படும். அந்தப் படியின் உயரம்தான் எஞ்சின் உழைத்த ஆண்டுகளின் கணக்கு.

பிளாக்கிலேயே சிலிண்டர் துளையிட்ட எஞ்சின் என்றால், தேய்ந்தபின் பிளாக்கை பட்டறைக்குக் கொண்டுபோய் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். சில முறைக்குப் பிறகு பிளாக்கில் கடைய இரும்பு மிஞ்சாது. ஆனால் ஸ்டாண்டர்டு கம்பெனி இந்த டிராக்டருக்குச் செய்த எஞ்சினில் சிலிண்டர் என்பது தனியாக உருவி எடுக்கக்கூடிய ஒரு குழாய். அதன் வெளிப்பக்கத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் நேரடியாகத் தொடுவதால் 'வெட் லைனர்' என்கிறார்கள். தேய்ந்ததை உருவி எறிந்துவிட்டுப் புதிய லைனர், புதிய பிஸ்டன், புதிய ரிங் போட்டால் சிலிண்டர் மறுபடி பிறந்துவிடும். பிளாக்கைக் கடைய வேண்டியதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லைனர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்துப் புதிய கேஸ்கெட் வைக்க வேண்டும். லைனரின் தலை பிளாக்கின் மட்டத்தைவிட அங்குலத்தில் சில ஆயிரத்தில் பங்கு மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் ஹெட் கேஸ்கெட் இறுகும். துருவைச் சரியாகச் சுரண்டாமல் அவசரப்பட்டால் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும். பழைய வண்டியில் கை வைப்பவர்கள் பொறுமை படிக்கும் இடம் இது!

பேரிங்: கையால் வார்த்த காலமும் வாங்கி மாட்டிய காலமும்

இரும்போடு இரும்பு உரசினால் இரண்டும் கெடும். அதனால் கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் இடத்தில் மெத்தென்ற உலோகம் ஒன்றை வைப்பார்கள். விலை உயர்ந்த ஷாஃப்டைக் காப்பாற்ற, மலிவான உலோகம் தன்னைத் தேய்த்துக்கொள்ளும். 1839-ல் அமெரிக்காவில் ஐசக் பேபிட் காப்புரிமை பெற்ற பேரிங் அமைப்பிலிருந்து, இப்படிப்பட்ட வெள்ளை உலோகக் கலவைக்கு 'பேபிட்' என்றே பெயர் வந்துவிட்டது.

1917-ல் வந்த ஃபோர்ட்சன் மாடல் எஃப் போன்ற டிராக்டர்களில் இந்த உலோகத்தை உருக்கி நேரடியாக எஞ்சினுக்குள்ளேயே ஊற்றி வார்த்தார்கள். தேய்ந்தால் பழையதை உருக்கி எடுக்க வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், ஷாஃப்டில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப்பார்த்து, சாயம் ஒட்டிய மேடுகளைக் கையால் சுரண்ட வேண்டும். இது முழுக்க முழுக்க கைவித்தை. இன்று ஃபோர்ட்சனைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் தேடுவது பாகத்தை அல்ல, இந்த வித்தை தெரிந்த ஆளை.

ஃபெர்கியின் காலத்துக்குள் நிலைமை மாறிவிட்டது. மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் பேரிங் உலோகம் பூசிய அரைவட்ட 'ஷெல்' பேரிங்குகள் வந்துவிட்டன. ஷாஃப்டும் தேய்ந்திருந்தால் அதை கிரைண்டிங் செய்து 10, 20, 30 ஆயிரத்தில் பங்கு அங்குலம் என்று அளவைக் குறைப்பார்கள். அந்தந்த அளவுக்கேற்ற கனமான ஷெல்லை வாங்கி மாட்டுவார்கள். கிராமத்துப் பட்டறைக்கும் எட்டுகிற வேலையாக அது ஆனது.

எரிபொருள் எழுதிய தேய்மானம்

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. ஃபெர்கியில் பெட்ரோலில் ஓடுவது, மண்ணெண்ணெய் போன்ற மலிவான டிராக்டர் எண்ணெயில் ஓடுவது, டீசலில் ஓடுவது என்று வகைகள் உண்டு. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் 1950 வரை பெட்ரோலுக்கு ரேஷன். எனவே பலர் மலிவான எண்ணெய் வண்டியை வாங்கினார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடாகும் முன்பே மாற்றினாலோ, கொஞ்ச தூரம் ஓட்டி ஓட்டி நிறுத்தினாலோ, எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஆயிலால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

ஆக, இன்று ஒரு ஃபெர்கியைப் பிரித்து, பேரிங் மோசமாகத் தேய்ந்திருப்பதைப் பார்க்கிறவர் வெறும் உலோகத்தைப் பார்க்கவில்லை. ரேஷன் காலத்தில் எரிபொருள் செலவைச் சுருக்க நினைத்த ஒரு விவசாயியின் கணக்கும் அங்கே பதிந்திருக்கக்கூடும்.

ஒரு ஸ்பேனர் போதும்

இணைப்புக் கைகளின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டுகள், முன் அச்சின் நடுப்பின், ஸ்டீயரிங் புஷ்கள் – இவையெல்லாம் மண்ணுக்கும் தூசிக்கும் நடுவே ஆடுகிறவை. வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும், ஸ்டீயரிங்கில் 'பிளே' வந்துவிடும். இவற்றுக்கு வைத்தியம் சுலபம். பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதியதை அழுத்த வேண்டும். பின் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம், அல்லது தேய்ந்த இடத்தில் வெல்டிங்கால் உலோகம் ஏற்றிக் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

டிராக்டரோடு ஒரு ஸ்பேனரும் கொடுத்தார்கள். கலப்பை போன்ற கருவிகளின் பெரும்பாலான நட்டுகளை அது ஒன்றாலேயே திருகிவிடலாம். அதன் மேல் அங்குலக் கோடுகளும் இருந்தன. அளவுகோலும் அதுவே!

எல்லாமே சுலபம் என்று சொல்லிவிட முடியாது. இந்த டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பு. எனவே ஒரு கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமென்றால் வண்டியையே நடுவில் இரண்டாகப் பிளக்க வேண்டும். வரைபலகையில் எடுத்த ஒரு முடிவு, பல ஆண்டு கழித்து யாரோ ஒருவரின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடுகிறது.

நம் பக்கத்துச் சொந்தம்

இந்தக் குடும்பத்துக்கும் சென்னைக்கும் உறவு உண்டு. ஃபெர்குசனின் நிறுவனம் 1953-ல் மாஸே ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. பிறகு மாஸே ஃபெர்குசன் என்று பெயர் சுருங்கியது. 1956-ல் டி.இ.20-க்குப் பதிலாக வந்த 35 என்ற மாடலின் வழியில்தான், 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் 1035 வந்தது. நம் ஊர்களில் 'மாஸே' என்றாலே தெரியும். அதே மூன்று புள்ளி இணைப்பு நம் வயல்களிலும் ஏர்க்கலப்பையைத் தூக்குகிறது. டிராக்டர் லைனரும் புஷ்ஷும் சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கின்றன.

யார் ரிப்பேர் செய்யலாம்?

பேனர் லேனில் டிராக்டர் உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. ஆனால் ஃபெர்கிக்கு லைனரும் ஷெல்லும் இன்றும் புதிதாகத் தயாராகி விற்பனையாகின்றன. உடலை விட்டு உயிர் போகவில்லை. காரணம், எது தேய வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் முன்பே தீர்மானித்து, அதை மலிவாகவும் மாற்றக்கூடியதாகவும் வைத்தார்கள்.

இதை இன்றைய நிலைமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நவீன டிராக்டர்களில் பாகத்தை மாற்றிவிட்டாலும், சில ரிப்பேர்களைக் கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் முடிக்க முடிவதில்லை என்று அமெரிக்க விவசாயிகள் போராடினார்கள். 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இதே பிரச்சினைக்காக ஜான் டியர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது.

தேயாத இயந்திரத்தை யாராலும் செய்ய முடியாது. ஆனால் தேய்ந்தபின் அதைச் சரிசெய்யும் சாவி யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பது இயற்கையின் விதி அல்ல, மனிதர்கள் எடுக்கும் முடிவு. 1940-களின் அந்தச் சாம்பல் டிராக்டர் சாவியை விவசாயியின் கையிலேயே கொடுத்திருந்தது, ஒரு ஸ்பேனர் வடிவத்தில்.