வாசிப்பவர் இல்லாத கச்சேரி

1962-இல் மெக்சிகோ நகரத்தின் பெல்லாஸ் ஆர்ட்டெஸ் கலைமாளிகையில் ஒரு கச்சேரி நடந்தது. மேடையில் பியானோ இருந்தது. பியானோவின் முன் ஆள் இல்லை. கட்டைகள் தாமாகவே அமிழ்ந்தன, எழுந்தன. சங்கீதத்தை இயற்றியவர் கான்லன் நான்கரோ. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அமெரிக்கர். அப்போது மெக்சிகோவின் குடிமகன். வீட்டுப் பட்டறையில் இருந்த கனத்த இயந்திரங்களைப் பெயர்த்து மண்டபம் வரை கொண்டுவந்திருந்தார். கேட்க வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் பெரும்பாலும் நண்பர்கள். அவர் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கக் கூடியவர்கள். இந்த அனுபவத்துக்குப் பிறகு ஏறத்தாழ இருபது வருஷங்கள் மேடை என்பது அவர் வாழ்க்கையில் அநேகமாக இல்லை.

ஒதுங்கி வாழ்ந்த கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நான்கரோவையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். உலகை வெறுத்த மேதை, இயந்திரத்தோடு பேசிய தனியன் என்ற சித்திரம் எழுதுவதற்குச் சௌகரியமானது. எனக்கு அந்தச் சித்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஒரு மனிதன் ஒதுங்கினான் என்று சொல்வதற்கு முன், அவனை ஒதுக்கியது யார் என்று கேட்டாக வேண்டும். நான்கரோ விஷயத்தில் இதற்கான விடை சங்கீத விமர்சனத்துக்குள் அகப்படாது. சரித்திரத்துக்குள் போகவேண்டும்.

1912-இல் ஆர்கன்சா மாநிலத்தின் டெக்ஸார்கானாவில் பிறந்தவர் அவர். வீட்டில் தானே வாசிக்கும் பியானோ ஒன்று இருந்தது. துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தினால் யாரும் தொடாமல் பாடும். கிராமபோனும் ரேடியோவும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வசதியான வீடுகளில் அதை மூலைக்குத் தள்ளிவிடும் வரை, அந்தக் கருவிதான் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வீட்டுச் சங்கீதம். பையன் டிரம்பெட் வாசித்தான், ஜாஸில் மூழ்கினான். பிறகு சின்சினாட்டியிலும் பாஸ்டனிலும் படிப்பு. பாஸ்டனில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1937-இல் ஆபிரகாம் லிங்கன் படைப்பிரிவில் சேர்ந்து ஸ்பெயினில் ஃபிராங்கோவுக்கு எதிராகப் போரிட்டார். 1939-இல், தோற்ற தரப்பின் சிப்பாயாக ஊர் திரும்பினார்.

ஊர் அவரை வரவேற்கவில்லை. ஸ்பெயினில் போரிட்ட இடதுசாரிகளை அமெரிக்க அரசு சந்தேகத்தோடு பார்த்தது. பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்தபோது மறுத்துவிட்டார்கள். 1940-இல் அவர் மெக்சிகோவுக்குப் போனார். அப்போது அமெரிக்கர் பாஸ்போர்ட் இல்லாமல் போகக்கூடியதாக இருந்த பக்கத்து நாடுகளில் அதுவும் ஒன்று. 1950களின் நடுவில் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார்.

தனிமை என்பதன் முதல் பகுதி இதுதான். அது ஓர் அலுவலகத்தில், ஒரு மனுவின் மேல் தீர்மானிக்கப்பட்டது. கலைஞனின் சுபாவத்துக்கு அதில் பங்கு இல்லை.

இரண்டாவது பகுதி சங்கீதத்தின் உள்ளிருந்து வருவது. நான்கரோவின் மனம் முழுக்க லயத்தில் இருந்தது. துல்லியமாகச் சொன்னால், ஒரே நேரத்தில் ஓடும் பல காலப்பிரமாணங்களில். நம் கச்சேரிகளில் மிருதங்க வித்வான் சதுஸ்ர நடையிலிருந்து கண்ட நடைக்குப் போகிறபோது ஒரு துள்ளல் உண்டாகிறது. ஆனால் அடியில் தாளம் ஒன்றுதான். எவ்வளவு விலகினாலும் சமத்தில் வந்து விழுந்தாக வேண்டும். அந்த ஒற்றைத் தாளத்தை எடுத்துவிட்டு, ஒரே ராகமாலிகையை இரண்டு பேர் நான்குக்கு ஐந்து என்ற வேக விகிதத்தில் தனித்தனியே பாடுவதாகக் கற்பனை செய்துகொண்டால், நான்கரோ தேடியதன் வாசலுக்கு வந்துவிடுவோம். வேகமான குரல் தாமதித்துத் தொடங்கும், மெதுவான குரலை எட்டிப் பிடிக்கும், ஒரு புள்ளியில் இரண்டும் ஒன்றாகும், உடனே பிரிந்துவிடும். கேட்பவனின் கவனம் முழுவதும் அந்த ஒரு புள்ளியை நோக்கி இழுக்கப்படும்.

மனிதர்கள் இதை வாசிக்கத் தயாராக இல்லை. ஏழு கருவிகளுக்காக அவர் எழுதிய ஒரு படைப்பு நியூயார்க்கில் போதிய ஒத்திகையின்றி அரங்கேறிச் சிதைந்துபோனது. இதற்கிடையில் ஹென்றி கவல் 1930-இல் வெளியிட்ட ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. சிக்கலான லயங்களைக் காகிதச் சுருளில் துளையிட்டு, தானே வாசிக்கும் பியானோவில் கேட்கலாம் என்று கவல் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். சொன்னவர் அதைச் செய்யவில்லை. படித்தவர் அதற்காகத் தன் ஆயுளையே செலவிட்டார்.

1947-இல் குடும்பச் சொத்தில் வந்த பணத்தோடு நியூயார்க் போய், கையால் துளையிடும் இயந்திரம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டு திரும்பினார். அதன் பிறகு வேலை தொடங்கியது. முதலில் காகிதத்தில் கணக்கு. பிறகு சுருளில் அளவுக் கோடுகள். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வொரு துளை. சில நிமிஷ சங்கீதத்துக்குப் பல மாதங்கள் ஆகும். பியானோவின் சுத்தியல்களில் தோலும் உலோகமும் பொருத்தி ஒலியைக் கூர்மையாக்கினார். மென்மையான நாதம் இந்த வேகத்தில் குழைந்து மங்கிவிடும். இப்படி ஏறத்தாழ ஐம்பது படைப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: பயிற்சி. அடையாளத்துக்கு ஓர் எண்.

இந்தப் பயிற்சிகளை நான் ஒலிப்பதிவுகளில்தான் கேட்டிருக்கிறேன். கணக்கு என்றால் வறட்சி என்று நினைக்கிறவர்கள் 3-ஆம் எண்ணைக் கேட்கவேண்டும். மதுக்கடை ஜாஸின் பூகி-வூகி வெறிகொண்டு ஓடுகிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை. 21-ஆம் எண்ணில் இரண்டே குரல்கள். ஒன்று மெதுவாகத் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போகிறது. மற்றது வேகமாகத் தொடங்கித் தளர்ந்துகொண்டே போகிறது. நடுவில் குறுக்கிட்டுக் கடக்கின்றன. முடிவில் வேகமான குரலில் ஸ்வரங்களைப் பிரித்தறிய முடிவதில்லை, ஒரு பரப்பாக விரிந்துவிடுகிறது. 37-ஆம் எண்ணில் பன்னிரண்டு குரல்கள், பன்னிரண்டு வேகங்கள். 40-ஆம் எண்ணில் வேகங்களின் விகிதம் ‘ஈ’க்குப் ‘பை’. கணிதத்தில் முடிவில்லாத தசமங்களாக நீளும் இரண்டு எண்கள். அங்கே காதால் பிடிக்கக்கூடிய பொதுவான மாத்திரை என்று ஒன்று இல்லை.

இங்கே நம் பத்திரிகைகளின் பழைய சண்டை ஒன்று குறுக்கிடுகிறது. உருவமா, உள்ளடக்கமா? 1970களில் தமிழில் இந்தச் சண்டை எவ்வளவு தாள்களைத் தின்றது என்று வாசகர்களுக்குத் தெரியும். நான்கரோ இரண்டு தரப்புக்குமே இடைஞ்சல். உருவவாதிக்கு அவர் ஒரு பரிசு மாதிரித் தெரிவார்: செய்தி இல்லை, பாடல் வரி இல்லை, தலைப்புக்கூட இல்லை. ஆனால் இவர் துப்பாக்கி ஏந்திப் போனவர். முற்போக்காளருக்கும் ஒரு பரிசு: சர்வதேசப் படைப்பிரிவின் தோழர். ஆனால் இவருடைய சங்கீதத்தில் எந்தத் தொழிலாளியும் அணிவகுத்துப் போவதில்லை. பாசிசத்தை எதிர்ப்பவனும் ஆதரிப்பவனும் 37-ஆம் எண்ணை ஒரே விதமாகத்தான் கேட்கமுடியும்.

12-ஆம் எண்ணில் ஸ்பெயினின் கிதார் கேட்கிறது. ஃபிளமெங்கோவின் சாயல் மறுக்கமுடியாதது. அதைப் பிடித்துக்கொண்டு, இதோ ஸ்பெயினின் காயம் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். அது மலிவான வேலை. மெக்சிகோவில் இருந்துகொண்டு ஒருவர் ஸ்பானிய கிதாரைக் கேட்பதற்குப் போர் தேவையில்லை.

என் வாதம் வேறு. நான்கரோவின் கலையில் சரித்திரம் உள்ளடக்கமாக நுழையவில்லை, நிபந்தனையாக நுழைந்தது. பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதால் அவர் இழந்தது ஊர் மட்டுமல்ல. புதிய சங்கீதத்தை வாசிக்கக்கூடிய வித்வான்கள், ஒத்திகை அறைகள், எதிர்த்து வாதிடும் சகாக்கள், தவறாக வாசித்தாலும் வாசிக்கிற குழுக்கள் — ஓர் இசையமைப்பாளனின் அன்றாடம் முழுவதையும் இழந்தார். அந்த இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. நாட்டிலேயே இருந்திருந்தாலும் அவர் இயந்திரத்திடம் போயிருப்பார் என்று சொல்லலாம். சிறுவயதுப் பியானோவும் கவலின் நூலும் அதற்குச் சாட்சி. ஆனால் போய்த் திரும்பியிருப்பார். நாற்பது வருஷம் அதனோடேயே தங்கியிருக்க மாட்டார். 40-ஆம் எண்ணின் அசாத்தியமான உருவம், திரும்பிப்போக இடமில்லாத ஒருவனின் அவகாசத்தில் உண்டானது. உருவத்துக்கும் ஊர் உண்டு, காலம் உண்டு, குடியேற்றச் சட்டம் உண்டு. உருவவாதிகள் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். உருவத்தைக் கேட்காமல் அந்தச் சட்டத்தை மட்டும் படிப்பதால் பிரயோஜனமில்லை என்பதை மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வெற்று மேடை உண்டாக்கும் கூச்சத்தையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. கச்சேரியில் நாம் வித்வானின் வியர்வையையும் பார்க்கிறோம். கடினமான இடத்தை அவர் நெருங்கும்போது நம் மூச்சும் நிற்கிறது. தாண்டியதும் கை தட்டுகிறோம். நான்கரோவின் கச்சேரியில் எந்த இடமும் யாருக்கும் கடினமில்லை. காகிதம் தவறு செய்யாது. இயற்றியவரும் வந்தவர்களோடு உட்கார்ந்து கேட்பதைத் தவிரச் செய்ய ஒன்றுமில்லை. கைதட்டல் யாருக்கு? 1962-இல் மண்டபம் காலியாக இருந்ததற்கு விளம்பரக் குறைவும் புதுமையின் மிரட்சியும் காரணமாக இருக்கலாம். ஆனால் மேடையில் ஒரு மனிதனைப் பார்க்கவே நாம் கச்சேரிக்குப் போகிறோம் என்ற உண்மை அதற்கடியில் இருக்கிறது. உழைப்பு முழுவதும் முன்பே, யாரும் பார்க்காத அறையில், மாதக்கணக்கில் முடிந்துபோனது. மேடைக்கு வந்தது அதன் விளைவு மட்டும். அச்சான கவிதையோடு நமக்குள்ள உறவும் இதுதான் என்பதால், கவிதை வாசகனுக்கு இந்த மேடை அவ்வளவு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

பிறகு உலகம் மெல்ல வந்தது. ஜான் கேஜ் மூலமாக மெர்ஸ் கன்னிங்ஹாம் சில பயிற்சிகளை 1960-இல் ஒரு நடனத்துக்குப் பயன்படுத்தியிருந்தார். 1969-இல் கொலம்பியா நிறுவனம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. 1977 முதல் கலிபோர்னியாவின் ஒரு சிறு நிறுவனம் வரிசையாகத் தட்டுகளைக் கொண்டுவந்தது. அவற்றைப் பாரிஸ் கடையொன்றில் கியோர்கி லிகெட்டி கண்டெடுத்தது 1980-இல். 1956-இல் ஹங்கேரியை விட்டுத் தப்பிவந்தவர் லிகெட்டி; வெபர்னுக்கும் ஐவ்ஸுக்கும் பிறகு இதுவே பெரிய கண்டுபிடிப்பு என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஓர் அகதி இன்னோர் அகதியை அடையாளம் கண்டுகொண்டதாக அதைப் படிக்க எனக்குப் பிடிக்கும். 1981-இல் நான்கரோ சான் பிரான்சிஸ்கோ விழாவுக்குப் போனார். 1982-இல் மாக்ஆர்தர் நிதி, மூன்று லட்சம் டாலர். அந்த வருஷமே லிகெட்டியோடு ஐரோப்பிய ஊர்கள். 1980களின் பிற்பகுதியில், பழுதுபார்த்த பழைய இயந்திரப் பியானோ ஒன்று அங்கே மேடைகளில் ஏறியது. இப்போது மண்டபங்கள் நிரம்பின. மேடையில் அப்போதும் ஆள் இல்லை.

லிகெட்டி 1985 முதல் எழுதிய பியானோப் பயிற்சிகளில் நான்கரோவிடம் கற்றதை மனிதக் கைகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். நான்கரோவே தம் மூன்றாவது நால்வர் இசையை ஆர்டிட்டி குழுவினருக்காக எழுதினார்: நான்கு தந்திக் கருவிகள், மூன்றுக்கு நான்குக்கு ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில். 1988-இல் அவர்கள் அதை வாசித்தார்கள். நாற்பதுகளில் அவருக்குக் கிடைக்காத வித்வான்கள் எண்பதுகளில் கிடைத்தார்கள். அவர்களை உண்டாக்கியதில் அந்த இயந்திரத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். வாசிக்க முடியாதது என்று ஒன்றை ஒருமுறை காதால் கேட்டுவிட்டால், முடியாது என்று சொல்வது சிரமம்.

1985-இல் அவர் அமெரிக்காவுக்கே திரும்பி வசிக்கலாமா என்று ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தார். ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று தெரியவந்தது: கம்யூனிசத்தை ஏற்றபோது தாம் வயதில் சிறியவர், அறிவில்லாதவர் என்று. அவர் மறுத்துவிட்டார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பரிசு கொடுத்த நாடு. போய்ச் சேர ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. 1997-இல் மெக்சிகோ நகரத்திலேயே இறந்தார். துளையிட்ட சுருள்கள் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் பால் ஸாகர் அறக்கட்டளையின் காப்பகத்தில் இருக்கின்றன.