கலகச் சட்டமும் ஒரு மரபுத்தொடரும்

கடுமையாகக் கண்டித்து எச்சரிப்பதை ஆங்கிலத்தார் ‘கலகச் சட்டத்தை வாசித்தல்’ என்பர். இது வெறும் உவமை வழக்கன்று. பிரித்தானியாவில் 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேற்பட்டோரோ அமைதி குலையுமாறு கூடினால், நடுவர் அரசரின் பெயரால் கலைந்து செல்லும் ஆணையை உரக்க வாசிப்பார். ஒரு மணி நேரத்திற்குப் பின்னும் கலையாதோர் மரண தண்டனைக்கு உரியவராயினர்.

1819இல் மான்செஸ்டரில் சீர்திருத்தம் வேண்டிக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது, பலர் மாண்டனர். ஆணை முறையாக வாசிக்கப்பட்டதா என்பது பின்னர்ப் பெரும் வழக்காயிற்று.

சட்டம் பிற்காலத்தில் நீக்கப்பட்டது. உயிரைப் பறித்த வாசிப்பு, இன்று வீட்டிலும் வகுப்பறையிலும் நிகழும் கண்டிப்பாகச் சுருங்கியுள்ளது. மரபுத்தொடரைக் கற்பிக்கையில் அகராதிப் பொருளோடு நின்றுவிடாது இவ்வரலாற்றையும் உணர்த்துதல் வேண்டும் என நாம் கருதுகிறோம்.