ஒரு குதிகாலின் கதை

சாக்ஸ் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். 'ஃப்ரீ சைஸ் சார், எல்லாருக்கும் சேரும்' என்று ஒரு ஜோடியை எடுத்து நீட்டுகிறார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து போட்டால் குதிகாலுக்கென்று விட்ட பை கணுக்காலுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. விரல் பக்கம் இறுக்கிப் பிடிக்கிறது. சட்டைக்கு அளவு எடுக்கிறோம், செருப்புக்கு நம்பர் பார்க்கிறோம். சாக்ஸுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

சும்மா வந்ததல்ல இது. இதற்குப் பின்னால் ஒரு மகாராணி, ஒரு தூக்குத் தண்டனைச் சட்டம், ஓர் உலக யுத்தம் எல்லாம் இருக்கின்றன. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

1589-ம் வருஷம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் கால்வெர்ட்டன் என்ற கிராமம். அங்கே வில்லியம் லீ என்ற பாதிரியார், காலுறை பின்ன ஒரு மெஷின் செய்தார். அவர் காதலித்த பெண் எப்போது பார்த்தாலும் பின்னிக்கொண்டே இருந்ததால் கடுப்பாகித்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதையை விடுங்கள், மெஷின் நிஜம். கையால் பின்னுகிறவர் ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் போட முடியும். லீயின் மெஷினோ ஒரு வரிசை முழுவதையும் ஒரே வீச்சில் போட்டது.

எலிசபெத் மகாராணி இதற்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார். காலுறை பின்னிப் பிழைக்கும் ஏழை ஜனங்கள் பிச்சையெடுக்க வேண்டியதாகிவிடுமே என்று கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். அடுத்து வந்த ஜேம்ஸ் மன்னரும் கைவிரித்தார். லீ பிரான்சுக்குப் போனார். ஆதரவு தந்த நான்காம் ஹென்றி மன்னர் 1610-ல் கொலை செய்யப்பட, அந்தக் கதவும் சாத்தப்பட்டது. சில வருஷங்களில், பாவம், அங்கேயே இறந்துபோனார். பிற்பாடு அவருடைய தம்பி மெஷின்களோடு இங்கிலாந்து திரும்பினார். மகாராணி வேண்டாம் என்ற மெஷின் அடுத்த இருநூறு வருஷம் நாட்டிங்ஹாம் வட்டாரத்துக்கே சோறு போட்டது!

இங்கே ஒரு தொழில் சமாசாரம். லீயின் மெஷின் பின்னியது தட்டையான துணி. ஆனால் கால் தட்டையாக இல்லையே? கெண்டைக்கால் பருத்து, கணுக்கால் சிறுத்து, குதிகாலில் திடீரென்று வளைகிறது. அதனால் மெஷின்காரர், ஓரத்துக் கண்ணிகளை இடம் மாற்றிப் போட்டு அகலத்தைக் கூட்டிக் குறைத்து, துணியையே கால் வடிவத்துக்குக் கொண்டுவருவார். அப்புறம் பின்பக்கம் ஒரு தையல். வேகம் மெஷினுடையது, வடிவம் மனிதனுடையது. அதற்குத்தான் கூலி.

சில முதலாளிகளுக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. அகலமான மெஷினில் ஒரே பாளமாகத் துணி பின்னி, கத்தரியால் கால் வடிவத்தில் வெட்டி, தைத்துவிட்டால்? சீக்கிரம் ஆச்சு, கூலியும் மிச்சம். ஆனால் வெட்டின ஓரம் நூல் பிரிந்து, கொஞ்ச நாளில் காலுறை பல்லிளிக்கும். மொத்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். கூலியும் விழுந்தது.

1811-ல் நாட்டிங்ஹாம்ஷயர் தொழிலாளர்கள் சுத்தியலைத் தூக்கினார்கள். 'லட்டைட்' என்று சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். மெஷினைக் கண்டு பயந்த பத்தாம்பசலிகள் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் வாழ்ந்ததே மெஷினை வைத்துத்தான் ஸ்வாமி! கண்ணில் பட்டதையெல்லாம் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்தவர்கள், வெட்டித் தைத்த மட்டச் சரக்கு போட்டவர்கள், இவர்களுடைய மெஷின்களைத்தான் பெரும்பாலும் குறிவைத்தார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? 1812-ல், மெஷினை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் கொண்டுவந்தது. பிரபுக்கள் சபையில் இதை எதிர்த்து எழுந்து பேசினார் 24 வயது இளைஞர் ஒருவர். அந்தச் சபையில் அவருடைய முதல் பேச்சே அதுதான். பெயர், லார்டு பைரன். ஆமாம், கவிஞர் பைரனேதான்! அவர் பேச்சு எடுபடவில்லை. சட்டம் நிறைவேறியது.

அடுத்து வந்தது வட்ட மெஷின். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப்பாதை போட்ட மார்க் ப்ருனெல் 1816-லேயே ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஊசிகளை வட்டமாக நிறுத்திப் பின்னினால் துணி குழாய் மாதிரி இறங்கும். பக்கத் தையலே வேண்டாம். பக்கவாட்டில் தையல் இல்லாத திருப்பூர் பனியன் போட்டிருக்கிறீர்களா? அதே சித்தாந்தம்தான். பனியனுக்குக் குழாய் போதும். காலுக்குப் போதுமா? குழாய்க்குக் குதிகால் ஏது?

இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் வந்த, கையால் சுற்றும் குட்டி மெஷின். மேஜை விளிம்பில் திருகி மாட்டிவிடலாம். நடுவில் டப்பா அளவில் ஓர் இரும்பு உருளை. சுற்றிலும் செங்குத்தாகக் காடி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி. உதாரணத்துக்கு 72 ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி முனையில் ஒரு கொக்கி, கொக்கியை மூடித் திறக்கச் சின்னதாக ஒரு நாக்கு. கைப்பிடியைச் சுற்றினால் ஊசிகள் வரிசையாக எழுந்து, நூலைக் கவ்வி, கீழே இறங்கிப் புதுக் கண்ணி போடும். ஒரு சுற்று, ஒரு வரிசை. அடியில் எடைக்கல் தொங்கித் துணியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்.

குதிகால் வந்ததும் பாதி ஊசிகளை மேலே தூக்கி ஓய்வு கொடுத்துவிட வேண்டும். மிச்சம் 36. இப்போது முழுச்சுற்று கிடையாது, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும்தான். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓரத்தில் ஒரு ஊசியைத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் 12 தூக்கியாச்சு, நடுவில் 12 மிச்சம் என்று ஆனதும், தூக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்குங்கள். துணி கிண்ணம் மாதிரி குழிந்து வரும். அதுதான் குதிகால்! இடையில் எடையை மேலே மாற்றி மாட்ட மறந்தால் கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவிவிடும். விரல்நுனிக்கும் இதே வித்தைதான்.

அளவு எப்படி? முதலில் அதே நூலில் ஒரு துண்டு பின்னி, நனைத்துக் காயவைத்து, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். எட்டு என்றால், 72 ஊசிக்கு 9 அங்குலச் சுற்றளவு. பத்து அங்குலப் பாதத்துக்கு இது கச்சிதம். சாக்ஸ் காலைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் வழியாது. கெண்டைக்காலில் திருகைத் தளர்த்திக் கண்ணியைப் பெரிதாக்கலாம், கணுக்காலில் இறுக்கலாம். பாத நீளத்தில் குதிகாலும் விரல்நுனியும் எடுத்துக்கொள்வது போக மிச்சத்துக்கு எத்தனை வரிசையோ, அத்தனை சுற்று. இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் பெரிசா? இடதுக்கு நாலு சுற்று கூட. ஆயிற்று!

1914-ல் யுத்தம் வெடித்ததும் இந்தக் கணக்கு உயிர்க் கணக்காகிவிட்டது. பதுங்குகுழிச் சேற்றில் நாள்கணக்கில் நின்ற சிப்பாய்களின் பாதம் மரத்து, வீங்கி, அழுகியது. பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 75 ஆயிரம் பேர் இதனாலும் பனிக்கடியாலும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முக்கியமான தற்காப்பு, அடிக்கடி மாற்றிக்கொள்ள உலர்ந்த சாக்ஸ். வீட்டுப் பெண்கள் ஊசியாலும் மெஷினாலும் பின்னித் தள்ளினார்கள். விரல்நுனியில் புடைப்பாக ஒரு தையல் இருந்தால் பல மைல் நடப்பதற்குள் அதுவே புண்ணாக்கிவிடும். அதைப் புடைப்பில்லாமல் கையால் மூடும் முறைக்கு இன்றைக்கும் 'கிச்சனர் தையல்' என்றுதான் பெயர். யார் கிச்சனர்? இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்து வைஸ்ராய் கர்சனோடு மல்லுக்கு நின்றாரே, அதே கிச்சனர்தான். அவரே இதைக் கண்டுபிடித்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

யுத்தம் முடிந்தது. 1920-களில் பத்திரிகைகளில் ஆசை காட்டும் விளம்பரங்கள்: மெஷினை வாங்குங்கள், வீட்டிலேயே சாக்ஸ் பின்னுங்கள், நாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்! சேமிப்பைக் கொட்டி வாங்கினார்கள் பலர். ஆனால் அந்த மெஷின் சட்டென்று வசப்படாது. கண்ணி நழுவும், குதிகால் கோணும். தரம் போதாது என்று சரக்கு திரும்பி வரும். எத்தனையோ மெஷின்கள் பெட்டிக்குப் போய்ப் பரண் ஏறின. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்ற வாசகம் இன்றைக்கு நேற்றுப் பிறந்ததில்லை!

அப்புறம் நைலான் வந்தது. 1950-களில் இழுத்தால் நீளும் நைலான், 1958-ல் டூபாண்ட் கம்பெனி கண்டுபிடித்த லைக்ரா. நூலே நீளும்போது அளவு எதற்கு? ஆலை மெஷினும் குதிகால் போடத்தான் செய்கிறது. ஆனால் எந்தக் காலுக்கு? நம் யாருடைய காலும் அல்லாத ஒரு சராசரிக் காலுக்கு.

பரண் ஏறிய அந்த மெஷின்களை இப்போது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தேடித் தேடி இறக்கித் துரு நீக்கி, எண்ணெய் போட்டுச் சுற்றுகிறார்கள். கைபழகியவர் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு சாக்ஸ் இறக்கிவிடுவார். கையால் என்றால் பல மணி நேரம். பாதம் வீங்கிய வயசானவருக்கும், ஒரு கால் சிறுத்தவருக்கும், கடையில் எந்த அளவும் சேராதவருக்கும் அளவெடுத்துப் பின்னித் தர முடிகிறது.

லட்டைட்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். மெஷின் ஓடட்டும், ஆனால் காலைப் பார்த்து ஓடட்டும். அதற்குத்தான் அன்றைக்குத் தூக்குக் கயிறு காட்டினார்கள். இன்றைக்குக் கடையில் நாம் கேட்டால் 'ஃப்ரீ சைஸ் சார்' என்பதோடு விட்டுவிடுகிறார்கள்... முன்னேற்றம்தானே!