தாய்மொழிக்கு வந்த சொத்துப் பத்திரம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் நகருக்கு வடமேற்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ளது காட்ஸ்டோ. அங்கே ஒரு கன்னியர் மடத்தின் இடிந்த கற்சுவர்கள் நிற்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்டுத் திரும்புவது ஒரு காதல் கதை. இரண்டாம் ஹென்றி மன்னரின் காதலி ரோசமண்ட் கிளிஃபர்ட் 1176 வாக்கில் இறந்தபோது, இந்த மடத்துத் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். 1191-இல் அங்கு வந்த ஆயர் ஹியூ, பட்டுத் துணி போர்த்தி விளக்கேற்றி வைத்திருந்த அந்தக் கல்லறையைக் கண்டு சினந்தார். அதை தேவாலயத்துக்கு வெளியே மாற்றச் சொல்லிவிட்டார்.

கதை சுவையானதுதான். ஆனால், 400 ஆண்டுகள் அந்த மடத்தை நடத்திய பெண்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லையே!

மடத்தை 1133-இல் நிறுவியவர் ஈடித் என்ற கைம்பெண். அவரே அதன் முதல் தலைவியுமானார். 1139-இல் தேவாலயம் அர்ச்சிக்கப்பட்டபோது ஸ்டீபன் மன்னரும் வந்திருந்தார். அரசர்களும் நிலக்கிழார்களும் நிலங்களையும் வாடகை வரும் வீடுகளையும் வாரி வழங்கினார்கள்.

சொத்து சேர்ந்தால் சிக்கலும் சேரும் அல்லவா? பத்திரங்கள் எல்லாம் லத்தீன் மொழியில் இருந்தன. கன்னியர்களில் பலருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், லத்தீன் புரியாது. எந்த வயல் தங்களுடையது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரிந்துகொள்ளக்கூட, படித்த ஆண் ஒருவர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அவர் சொல்வது சரியா என்று சோதிக்கவும் வழியில்லை.

1450 வாக்கில், ஆலிஸ் ஹென்லி தலைவியாக இருந்த காலத்தில் இதற்கு விடிவு பிறந்தது. அந்தப் பத்திரங்கள் ஆங்கிலமாக்கப்பட்டு ஒரே ஏட்டில் தொகுக்கப்பட்டன. மொழிபெயர்த்தவர் தம் பெயரைச் சொல்லவில்லை. தம்மை ஓர் ஏழைச் சகோதரன் என்று மட்டும் குறிப்பிட்டுக்கொண்டார். வழக்கறிஞர்கள் அருகில் இல்லாதபோதும் கன்னியர்களே வாடகை வசூலிப்போருக்கு விவரம் சொல்ல வேண்டும் என்பதே அவர் முன்னுரையில் தரும் காரணங்களில் ஒன்று.

கடைசித் தலைவி கேத்தரின் பல்க்லியும் லேசுப்பட்டவர் அல்லர். எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்துக்கொண்டிருந்த நேரம். 1538 நவம்பரில் மன்னரின் அதிகாரி ஜான் லண்டன் ஆள்படையோடு வந்து, மடத்தை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டினார். கேத்தரின் பணியவில்லை. மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெலுக்கே நேரடியாகப் புகார் எழுதினார். அதிகாரி பின்வாங்க நேர்ந்தது.

ஆயினும் அந்த வெற்றி ஓராண்டுதான் நிலைத்தது. 1539 நவம்பரில் மடம் கலைக்கப்பட்டது. தலைவிக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஓய்வூதியம் கிடைத்தது. மடமோ அரச மருத்துவர் ஜார்ஜ் ஓவனின் கைக்குப் போனது. பிறகு உள்நாட்டுப் போரில், 1645-இல், கட்டடம் எரிந்து பாழானது.

ஆலிஸ் ஹென்லி காலத்து ஏடு மட்டும் தப்பியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறிய அது, இன்று ஆக்ஸ்ஃபர்ட் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.