வடசேரிப் பதக்கத்தின் பின்புறம்

வடசேரியில் கோயில் நகை செய்த தட்டார்களுள் ஒருவர் பெயராவது பழைய ஏடுகளில் அகப்படுமா? இந்தக் கேள்விதான் என்னைத் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனது. வடசேரி இன்று நாகர்கோவிலின் ஒரு பகுதி. ஆனால் 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மண். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது ஊர் இந்தப் பக்கம் வந்தது. அரசின் கணக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

தேடும் பொருளைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளித் தகட்டை உருவத்துக்கு வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளிப் பட்டையால் கூடு கட்டி, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். கூட்டில் அரக்கை நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கற்களைப் பதிப்பார்கள். பிறகு கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை அழுத்தி மெருகிடுவார்கள். முன்னால் பார்த்தால் எல்லாம் தங்கம்; உடம்பு வெள்ளி. ராக்கொடி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ஜடைநாகம், ஒட்டியாணம், வங்கி என்று சாமிக்குச் செய்ததெல்லாம், 1935இல் ருக்மிணி தேவி மேடையேறியதற்குப் பின் பரதநாட்டியப் பெண்களுக்கும் தேவைப்பட்டது. தொழில் பிழைத்ததில் நாட்டியத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

காப்பகத்தில் இருக்கும் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் லட்சக்கணக்கான ஓலைகள். சுருணை சுருணையாகக் கட்டி வைக்கப்பட்டவை. தேதியெல்லாம் கொல்லம் ஆண்டில். மாதத்தைப் பொறுத்து 824ஐயோ 825ஐயோ கூட்டினால் நம் ஆண்டு வரும். நான் பார்த்த பகுதிகளில் கணக்கெழுதியவரின் கவலை ஒன்றே ஒன்று: எது வந்தது, யார் கொடுத்தது, எடை என்ன. அடித்த கைக்கு அங்கே இடமில்லை. சிறு குறைவும் பெருங்குற்றமாகும் இடத்தில் கணக்கு உலோகத்தையே காவல் காக்கும். காரணம் புரிகிறது, மனம் ஆறவில்லை.

அச்சேறிய நூல்களுக்குத் திரும்பினேன். நாகமையாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல், 1906, மூன்று தொகுதிகள். தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகள், 1909. தர்ஸ்டன் கம்மாளரைத் தட்டார், கன்னார், தச்சர், கல்தச்சர், கொல்லர் என ஐந்தாகப் பிரித்து விரிவாக எழுதுகிறார். சாதி கிடைக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. கவிமணி தேடியெடுத்த, அ.கா. பெருமாள் பதிப்பித்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளையும் புரட்டினேன். நாஞ்சில் நாட்டு நிலம், வரி, அடிமை விற்பனை என்று உலகமே அதில் இருக்கிறது. நான் தேடியவர் இல்லை.

பெயருக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி பழங்குடியினரின் வெள்ளி வேலையைப் பற்றிப் படித்ததால்தான். இரண்டு வெள்ளித் தகடுகள். மேல் தகட்டில் சித்திரத்தை வாளால் அறுத்தெடுத்து, அதைக் கீழ்த் தகட்டின்மேல் பற்றவைப்பார்கள். பள்ளத்தைச் சொரசொரப்பாக்கிக் கருக்கிவிட்டால் சித்திரம் எழுந்து நிற்கும். பழைய வழக்கம்போல் தோன்றும் இந்தப் பாணிக்குத் தேதியே உண்டு. 1938இல் வடக்கு அரிசோனா அருங்காட்சியகத்தின் மேரி-ரஸ்ஸல் ஃபெரல் கோல்டன், ஹோப்பிகளின் பானையிலும் கூடையிலும் உள்ள சித்திரங்களை வெள்ளிக்குக் கொண்டுவரும்படி ஊக்கினார். 1947இல் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு ஃபிரெட் கபோட்டி சித்திரமும் பால் சௌஃப்கி உலோக வேலையும் கற்பித்தார்கள். 1949இல் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. செய்தவர்கள் நகையின் பின்புறத்தில் தம் முத்திரையைக் குத்தினார்கள். குலச் சின்னத்தையே முத்திரையாக்கியவர்கள் பலர். 1972இல் மார்கரெட் ரைட் அந்த முத்திரைகளைப் பெயர்களோடு சேர்த்துப் புத்தகமாக்கினார். அங்கே நகையைத் திருப்பிப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் இது அறியாத வழக்கமல்ல. கட்ச்சில் ஊமர்சி மாவ்ஜி தம் வெள்ளிப் பாத்திரங்களில் 'ஓ.எம். புஜ்' என்று அடித்தார். சென்னையின் சாமி உருவ வெள்ளிச் சாமான்களிலோ பி. ஆர் அண்ட் சன்ஸ் என்ற கடைப்பெயர்தான் இருக்கிறது; தட்டிய தமிழர் அதற்கடியில் மறைந்துபோனார். நான் கையில் எடுத்துப் பார்த்த வடசேரிப் பதக்கங்களின் பின்புறத்தில் கடைப்பெயர்கூட இல்லை.

பழைய ஏட்டில் இல்லாததற்குப் புதிய ஏடு ஒன்று இருக்கிறது. நாகர்கோவில் கோயில் நகை புவிசார் குறியீடு பெற்ற பொருள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவேட்டுக்கு இரு பகுதிகள்: முதல் பகுதியில் பொருளும் அதன் உரிமையாளரும், இரண்டாம் பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள். தனி ஒரு கைவினைஞர் விண்ணப்பித்துத் தம் பெயரையே அதில் ஏற்றிக்கொள்ளலாம். பதிவு பத்தாண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அலுவலகம் சென்னை கிண்டியில். அடுத்து நான் போகவேண்டிய இடம் அது. போகுமுன் வடசேரிப் பட்டறைகளில் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.