தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடுகளை வரலாற்று மாணவர்கள் அறிந்திருப்பர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அளித்த கொடையைக் கூறுபவை அவை. வடமொழியிலும் தமிழிலும் அமைந்த அச்சாசனத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரியும், பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு என்ற காலும் பேசப்படுகின்றன. ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைப் பலரும் எடுத்துக் காட்டுவர். அதே மண்டபத்தின் தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அவ்வளவாக எவரும் கவனிப்பதில்லை. இக்கட்டுரைக்கு வேண்டியது அந்தப் பங்குதான்.

தண்ணீரையும் தீயையும் ஒரு கலத்தில் கூட்டி வைத்தால் என்ன நேரும்? வெந்நீர்த் தவலையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு படிவு. ஏரித் தண்ணீரில் பருப்பு விரைவில் வேகும், உப்புக் கிணற்று நீரில் வேகாது, சவர்க்காரம் நுரைக்காது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லி வந்ததும் இதே செய்திதான். வேதியியலார் இதனை நீரின் கடினத்தன்மை என்பர். மண்ணினூடே இறங்கும் மழைநீர் அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு சற்றே அமிலமாகிறது. அந்த நீர் பாறையிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்பைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொள்கிறது. சூடேற்றினால் வாயு பிரிந்து போகும். கரையாத கால்சியம் கார்பனேட் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையும் உப்பும் வெந்நீரில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்போ சூடு ஏற ஏற வெளியே வந்துவிடும். தொல்லை முழுவதும் இந்த ஒரு முரணில் அடங்கியிருக்கிறது.

பெரும்பிடுகுக் காலில் வந்தது ஆற்று வெள்ளம். பாறையோடு அதற்கு நெடுநாள் பழக்கமில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கும் இன்றைய பாலாற்றை நம்பிக் குழாய் திறக்க முடியாது. கடந்த அரை நூற்றாண்டில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீர் மேலே வந்தது. அது எவற்றையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்தது என்பதை நாவைவிடக் கொதிகலன் நன்றாக அறியும்.

கொதிகலன் இதனைக் கற்பித்தது நேற்றல்ல. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. நீராவி எஞ்சின் வழிநெடுகத் தண்ணீர் குடிக்கும். எந்த ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது அதன் குழாய்களில் பதிவாகும். படிவு ஏறிய குழாயில் வெப்பம் நீருக்குப் போவது குறையும், நிலக்கரி வீணாகும், உலோகம் அளவுக்கு மீறிக் காய்ந்து வலுவிழக்கும். ஆகவே எஞ்சின் கொட்டகைகளில் குறித்த காலத்துக்கு ஒருமுறை கொதிகலனைக் கழுவியே தீர வேண்டும். இதற்குச் சற்று முன்பே, 1841இல், ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பேராசிரியராயிருந்த தாமஸ் கிளார்க் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். கடின நீரில் சுண்ணாம்பு நீரையே ஊற்றினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தைதான்.

எஸ்பிரசோ காப்பி எந்திரம் இந்த நீராவி யுகத்தின் கடைக்குட்டி. இத்தாலியின் தூரின் நகரத்து மொரியோந்தோ 1884இல் காப்புரிமை பெற்றார். மிலான் நகரத்து பெட்சேரா 1901இல் அதனைத் திருத்தினார். அவை நெட்டையாக நிமிர்ந்து நின்ற கொதிகலன்கள். எஞ்சினின் தம்பி என்றே சொல்லலாம். காஜ்ஜியா 1948இல் நெம்புகோலால் அழுத்தம் தந்தார். 1961இல் வந்த ஃபயேமா ஈ61 மின்பம்பைக் கொண்டு ஏறக்குறைய 9 வளிமண்டல அழுத்தத்தில் நீரைத் தள்ளியது. (நம் கலியாண வீடுகளில் நீராவியால் பாலை நுரைக்க வைத்து ‘எஸ்பிரசோ’ என்று தரும் பானம் வேறு, ஆயினும் அந்தக் கலத்துக்கும் இதே நோய் உண்டு.) எந்திரம் சிறுத்துச் சிறுத்து வீட்டு மேசைக்கு வந்தபோது அதன் குழாய்களும் சிறுத்தன. இரயில் எஞ்சினில் விரற்கடைப் படிவு சேரும் வரை ஓட்டிவிடலாம். இங்கோ நீர் செல்லும் சில துளைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மணல் போன்ற ஒரு துணுக்கு போதும், காப்பி சொட்டுச் சொட்டாக வடியும். சூடேற்றும் கம்பியின்மீது படிவு மூடினால் அது உள்ளேயே வெந்து, உறை வெடித்து, மின்கசிவு உண்டாகும். மிகவும் அஞ்ச வேண்டியது காப்பு வால்வு இறுகிப்போவது. அழுத்தம் மிஞ்சினால் திறக்க வேண்டியது அது ஒன்றே.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் என் நண்பர் ஒருவருக்கு அயல்நாட்டிலுள்ள மகன் இத்தகைய எந்திரம் ஒன்றை அனுப்பினார். ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றி வந்தார். ஓராண்டு முடியுமுன் நீராவி நின்றது. பழுது பார்ப்பவர் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலக் கரைசலால் படிவைக் கரைத்து, வால்வுகளைக் கழற்றிக் கழுவினார். கூலியும் உதிரிப்பாகமும் சேர்ந்து அவருடைய அரை மாத ஓய்வூதியத்தை விழுங்கின. மனம் நொந்த நண்பர் அன்று முதல் ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றினார். இப்போது வேறொரு வேடிக்கை: கொதிகலன் நிரம்பிய பிறகும் பம்பு நிற்கவில்லை, நீராவி வர வேண்டிய குழாயில் வெந்நீர் பீறிட்டது.

எந்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. நீர்மட்டத்தை அறிய அதனுள் ஓர் உலோகக் கம்பி தொங்குகிறது. நீர் அதைத் தொட்டதும் நீரின் வழியே சிறு மின்னோட்டம் பாய, பம்பு நிற்கும். மின்னோட்டத்தைக் கடத்துபவை நீரில் கரைந்த உப்புகளே. அவற்றை அறவே நீக்கிவிட்டால் கம்பி நீரில் மூழ்கியிருந்தும் எந்திரத்துக்கு அது தெரியாது. மேலும், உப்பற்ற நீர் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கவும் கூடும். அதில் காப்பியின் சுவையும் சப்பென்றிருக்கும்.

அயனிமாற்ற மென்னீராக்கி இன்னொரு வழி. ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் சியோலைட்டைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிய நெறி அது. 1935இல் இங்கிலாந்தின் ஆடம்சும் ஹோம்சும் அதற்குச் செயற்கைப் பிசினை உண்டாக்கினர். பிசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. படிவு நிற்கும். ஆனால் குளோரைடை அது தொடுவதே இல்லை; உவர்நீராயிருந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். மென்னீராக்கி வாங்கியும் கொதிகலன் ஓட்டையானதாகக் குறைப்படுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் இல்லாதவிடத்து 600 வரை விடுகிறது. குடிப்பவருக்கு இது சரி. காப்பி எந்திரம் செய்வோரோ பெரும்பாலும் 100க்கும் கீழே கேட்கின்றனர். அளந்து பார்ப்பது எளிது. சூரிச் நகரத்து சுவார்சன்பாக் 1940களில் வகுத்த ஈ.டி.டி.ஏ. முறை இன்று சிறு புட்டியில் சொட்டு மருந்தாகக் கிடைக்கிறது. செந்நிறம் நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். கிணற்று நீர் 400 காட்டினால், அதில் ஒரு பங்குடன் ஆர்.ஓ. நீர் நான்கு பங்கு கலக்க, ஏறத்தாழ 80 ஆகும். குளோரைடும் அதே அளவில் குறையும். மட்டம் காட்டும் கம்பிக்கு வேண்டிய உப்பும் எஞ்சும். என் நண்பர் இப்போது அடுப்பங்கரையில் ஒரு படி வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு நான்கு என்று அளந்து ஊற்றுகிறார். கோடையில் கிணறு வற்றி உப்பு ஏறும்போது மறுபடி சொட்டுகளை எண்ணுகிறார்.