கத்தியின் ஆயுளும் சாணைத் தொழிலாளரின் ஆயுளும்

கத்தியொன்றின் தரம் இரு பண்புகளால் அளவிடப்படுகின்றது. ஒன்று, கூர் மழுங்காதிருக்கும் வன்மை. மற்றையது, அடியை முறியாது தாங்கும் உறுதி. இவை ஒன்றுக்கொன்று முரணானவை. செஞ்சூட்டில் நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கப்பட்ட உருக்கு வன்மை பெறுகின்றது; ஆயின் எளிதில் முறிகின்றது. அதனை மீளவும் மிதமாகச் சூடாக்கும்போது வன்மை சிறிது குறைய, உறுதி மிகுகின்றது. இவ்விரண்டிற்குமிடையே அளவறிந்து நிற்பதே கொல்லரின் திறனாகும்.

1740களில் ஷெபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருக்கை மூசையிலிட்டு உருக்கிச் சீரான தரத்தில் வார்த்தெடுத்தார். தொழில்நுட்ப வரலாறுகள் இச்சாதனையைப் போற்றுவது பொருத்தமானதே. ஆனால், அவ்வலகுகளைச் சாணை பிடித்தோர் எத்துணைக் காலம் வாழ்ந்தனர் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.

இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றி 1845இல் வெளியிட்ட நூலில் ஏங்கல்ஸ் இதற்கு விடை தருகின்றார். ஷெபீல்ட் மருத்துவர் நைட்டின் கூற்றை ஆதாரமாகக் கொண்டு, உலர்ந்த கல்லில் உழைத்தோரின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகளை எட்டுவதே அரிது எனவும், ஈரக்கல்லில் உழைத்தோர் 45 வயதைத் தாண்டுவது அரிது எனவும் அவர் குறிப்பிடுகின்றார். கல்லினதும் உலோகத்தினதும் தூள் நுரையீரலிற் படிந்தமையே இதற்குக் காரணமாகும்.

தூளைத் தடுக்கும் கருவிகள் அக்காலத்திலேயே இருந்தன. தொழிலாளரே அவற்றை எதிர்த்தனர். ஆங்காங்கே உடைத்தும் எறிந்தனர். இதனை அறியாமையென ஒதுக்குதல் பிழையாகும். தொழில் ஆபத்தற்றதாயின் மேலும் பலர் அதனை நாடுவர், கூலி வீழ்ச்சியுறும் என அவர்கள் அஞ்சினர். அதாவது, கூலிமுறை அவர்களை ஆயுளுக்கும் ஊதியத்திற்குமிடையே தெரிவுசெய்ய நிர்ப்பந்தித்தது. உருக்கின் வரலாற்றை எழுதுவோர் இந்நிர்ப்பந்தத்தையும் அவ்வரலாற்றின் பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும்.